ஆனைப்பாறை வளைவில் ஜீப் இருண்ட வரலாறு

ஐப்பசி 5, செவ்வாய்

இன்று விடியுமுன் உலகம் கொஞ்ச நேரம் அணைந்து போனது. விஞ்ஞானிகள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. போடியிலிருந்து மேலே ஏறுகிற மலைச்சாலையில், ஆனைப்பாறை வளைவில், எங்கள் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே கவனித்தோம்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இந்த ரேடியோ செட் ராசாங்கத்துக்கு எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் கிடையாது என்பது போடிநாயக்கனூர் முழுக்கத் தெரிந்த விஷயம். தேனியிலும் தெரியும். கப்பல் வழியாகச் செய்தி இலங்கைக்கும் போயிருக்கும்.

ஸ்டியரிங்கில் என் அக்கா மகள் பவளம். அவள் பக்கத்தில் துணைக்கு நான். கதவோரம் அங்கம்மா. பின்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள், தூக்குச்சட்டியோடும் பாதித் தூக்கத்தோடும். இந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி அங்கம்மா. யார் எந்த ஜீப்பில் ஏறுவது என்பது அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவள் தலையசைத்தால் மலையே ஓரடி தள்ளி உட்காரும்.

ஆனைப்பாறையில் சாலையோரம் கருப்பசாமி நிற்கிறார். மேலே போகிற வண்டி எதுவானாலும் அவர் முன்னால் நீளமாக ஒரு ஹாரன் கொடுக்காமல் தாண்டாது. 'சாமி, போயிட்டு வர்றோம்' என்று சொல்லிக்கொள்கிற மாதிரி. பவளமும் கொடுத்தாள். அது சாதாரண ஹாரனா? ஆயுத பூஜைக்கு என் அன்பளிப்பு. இரட்டைக் குழாய், தனி மோட்டார், லாரிகள் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஜாதி. பழைய ஹாரன் வயரிலேயே முறுக்கிவிட்டேன், வெற்றிலை மடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. நாற்பது வருஷமாகக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ரேடியோ செட் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் விரல் நுனி விவகாரம். அதை அழுத்தினால் மூணாறில் யானைகள் ஓரங்கட்டி வழிவிடும்.

ஹாரன் முழங்கியது. முழங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் போய்விட்டது. ஹெட்லைட், வைப்பர், மீட்டர் விளக்கு, ஹாரன், எல்லாம். எஞ்சின் மட்டும் ஓடியது. டீசல் எஞ்சின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்டு வேண்டாம். வெளியே பனிமூட்டம். உள்ளே, தார்ச்சட்டிக்குள் விழுந்த கரப்பான் பூச்சிக்கு எப்படி இருக்குமோ அப்படி.

"யாரும் எந்திரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே பவளம் பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றது. டேஷ்போர்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள். போனதெல்லாம் திரும்பி வந்தது.

"என்ன ஆத்தா இது?" என்றாள் அங்கம்மா.

"எங்கயோ லூஸ் கனெக்ஷன் சின்னம்மா."

"ஒங்கப்பன் ஓட்டுறப்ப ஒருநாளும் இப்பிடி ஆகலியே."

பவளம் கியரைப் போட்டாள். நான்தான் இந்த உலகத்தில் லூஸ் கனெக்ஷனால் விளைந்த பேரழிவுகளைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். தோட்டம் வரும்வரை ஆற்றினேன். யாரும் குறுக்கிடவில்லை. எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று பவளம் சொல்கிறாள்.

ஐப்பசி 6, புதன்

பேட்டரியைக் கழற்றினேன். முனைகளில் பூத்திருந்த பச்சைப் பூவைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி மறுபடி மாட்டினேன். இப்போது அந்த முனைகளைப் பார்த்து முகச்சவரம் செய்துகொள்ளலாம்.

அத்தான், அதாவது பவளத்தின் அப்பா, கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். போன மாதம் ஜீப் மேல் மூட்டை கட்டும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்ததிலிருந்து அவருக்கு உலகம் அந்த ஜன்னல் அகலம்தான். இருபது வருஷம் அவர் பிடித்த ஸ்டியரிங்கை இப்போது மகள் பிடிக்கிறாள். லைசன்ஸ் எடுத்த அன்றே பிடிக்க ஆசைப்பட்டவள். அப்போது விடவில்லை. இப்போது வேறு வழியில்லை. பவளத்தின் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் ராத்திரி பகலாக நிற்கிறார்.

"மாப்ள, எர்த் வயரப் பாரு" என்றார் அத்தான்.

"பார்த்தாச்சு அத்தான்."

"திரும்பப் பாரு."

திரும்பப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகிற எர்த் வயர் இரும்புத்தூண் மாதிரி இருந்தது. ஒரு குறையும் இல்லை.

ஐப்பசி 8, வெள்ளி

மறுபடியும் அணைந்தது. அதே ஆனைப்பாறை. அதே கருப்பசாமி. ஹாரன் பாதியில் நின்றது, வெளிச்சம் முழுசாகப் போனது. இந்தத் தடவை டேஷ்போர்டுக்கு இரண்டு அறை தேவைப்பட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "சாமிதான் அணைக்குது."

யார் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மேலே போகும்வரை ஒரு தூக்குச்சட்டி கூடச் சத்தம் போடவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் முகம் தெரிந்தது. குபேந்திரன். அவனும் ஒரு ஜீப் வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். மரியாதை கூடினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கருப்பன் கோவக்காரரு. அவரு எல்லையில பொம்பள வண்டி ஓட்டுனா அவருக்கு ஒப்புமா? அதான் கண்ண மூடிக்கிறாரு. நான் சொல்லலண்ணே, ஊரு சொல்லுது."

"ஊரா? எந்த ஊருப்பா?"

"எல்லா ஊரும்தாண்ணே."

நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்குப் பக்கத்து மேசை வடை கருகியது. அவன் மட்டும் கருகவில்லை.

ஐப்பசி 9, சனி

அத்தானுக்குச் செய்தி நம்மை விட வேகமாகப் போய்விடுகிறது. சாயங்காலம் வண்டி திரும்பியதும் பவளத்தைக் கூப்பிட்டார். நானும் நின்றேன்.

"சாமி கீமின்னு பேசுறாங்களாமே."

"பேசுறாங்கப்பா."

"நான் அதெல்லாம் நம்பல. ஆனா அந்த வளைவுல ஒரு தடவ வெளிச்சமில்லாம ஓரம் போச்சுன்னா, அத்தன பொம்பளைகளும்..." பாதியில் நிறுத்தினார். "இன்னொரு தடவ அணைஞ்சா சாவியக் குபேந்திரங்கிட்டக் குடுத்துருவேன். நம்ம ஜீப்ப ஆள் வச்சு ஓட்டட்டும். வாடகை வந்தாப் போதும்."

பவளம் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள். விரல்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கி.

"எதனால அணையுதுன்னு கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடி. அப்புறம் பேசலாம்."

வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: "மாமா, சாமியா இருந்தா ஏன் டேஷ்போர்டத் தட்டினா வருது?"

நல்ல கேள்வி. கருப்பனின் காதுக்கு அந்த டேஷ்போர்டுதான் வாசல் என்று ஒரு பதில் எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையோ ஒளித்து வைத்திருக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

ஐப்பசி 10, ஞாயிறு

தோட்டத்துக்கு விடுமுறை. நானும் பவளமும் மட்டும் ஜீப்பை எடுத்துக்கொண்டு நல்ல வெயிலில் ஆனைப்பாறைக்குப் போனோம். ஆராய்ச்சிக் குழு என்று எங்களுக்குப் பெயரிட்டேன்.

கருப்பசாமி முன்னால் ஹாரன் கொடுத்தோம். ஒன்றும் அணையவில்லை. திரும்பி வந்து கொடுத்தோம். அணையவில்லை. நான் கீழே இறங்கி நின்று கேட்டேன். என் ஹாரன் மலைமேல் மோதித் திரும்பி வந்து என் காதைக் கடித்தது. நாடக மேடையில் முதல் வசனம் பேசுகிற ராஜா மாதிரி என்ன ஒரு கம்பீரம்!

அங்கேயே உட்கார்ந்து என்னுடைய கோட்பாடுகளை வரிசையாக எடுத்து வைத்தேன். எலி வயரைக் கடித்திருக்கலாம். மலைக்காற்றின் ஈரம் வயருக்குள் இறங்கியிருக்கலாம். பாறைக்குள் காந்தம் இருக்கலாம், ஆனைப்பாறைக்கு அடியில் ஒரு இரும்பு மலையே இருந்து நம் கரண்டை உறிஞ்சலாம்.

"எலின்னா இப்பவும் அணையணுமே" என்றாள் பவளம்.

"எலி ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டிருக்கும்."

சிரித்தாள். கொஞ்ச நாளாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு தன்பாட்டில் பேசிக்கொண்டாள்.

"காலையில போறப்ப மட்டும்தான் ஆகுது. சாயங்காலம் எறங்கும்போதும் இங்க ஹாரன் அடிக்கிறேன். அப்ப ஆகல. இப்பவும் ஆகல. காலையில என்ன வித்தியாசம்? இருட்டு. ஹெட்லைட் எரியும். பனி இருந்த ரெண்டு நாளும் வைப்பர் ஓடுச்சு..."

அங்கேயே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அந்த ஹாரன் எத்தன ஆம்பியர் இழுக்கும்?"

"இழுக்குமா? அது இழுக்கும் கழுதையா? அது ராஜகுதிரை. கேட்டதைக் கொடுக்க வேண்டியது பேட்டரியின் கடமை."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ரேடியோ செட் கட்டுகிறவன் சொன்னால் மறுபேச்சு இருக்காது.

ஐப்பசி 11, திங்கள்

அணையவில்லை. பவளம் கருப்பசாமிக்கு ஹாரனைத் தொட்டும் தொடாமலும் கொடுத்தாள். "என்னடி, சாமிக்குத் தும்மல் போடுற?" என்றாள் அங்கம்மா.

ஐப்பசி 12, செவ்வாய்

இன்றைக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று ஆனைப்பாறைக்கு முன்பே அங்கம்மா சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு நல்லா நீட்டிக் குடு. நேத்து குடுத்தது சாமிக்குக் கேட்டிருக்காது. அரையும் குறையுமாக் கும்பிட்டா அதுக்கும் கோவம் வரும்." பின்னால் எல்லாரும் ஆமாம் என்றார்கள். மழை வேறு. பவளம் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நீட்டிக் கொடுத்தாள்.

போய்விட்டது. எல்லாம் ஒரே நொடியில். மழையில் பிரேக் போட்டதும் வண்டி லேசாக வழுக்கியது. அதன்பின் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்சக்கரம் ஓரத்துச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை. மிகையில்லாமல் சொல்கிறேன், ஒன்றுமே இல்லை. பனி மட்டும்.

பின்னால் யாரோ அழுதார்கள். பவளம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் இறங்கி வந்ததும் அங்கம்மா வாசலில் நின்று அத்தானுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணே, இந்த வாரம் பூராம் நாங்க குபேந்திரன் வண்டியில போறோம். அவன் வண்டிக்குச் சாமி வழி விட்டுச்சுன்னா, அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கும் பிள்ளைக இருக்கு."

அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அத்தான் கையை நீட்டினார். பவளம் சாவியைக் கொடுக்கவில்லை. "சனிக்கெழம வரைக்கும் இருக்கட்டும்பா" என்றாள். "வண்டி ஓட்டல. கண்டுபிடிக்க மட்டும்."

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

ஐப்பசி 13, புதன்

குபேந்திரன் ஜீப் எந்தக் குறையும் இல்லாமல் ஏறி இறங்கியது. கருப்பன் கண்ணைத் திறந்தபடியே இருந்தாராம். குபேந்திரன் இன்று டீக்கடையில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். எல்லாருக்கும். எனக்கும். தின்றேன். அது அரசியல்.

ஐப்பசி 14, வியாழன்

விடியுமுன் பவளம் என்னை எழுப்பினாள். ஜீப் வீட்டு வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, மலைக்குப் போக வேண்டாம். மலையில என்னென்ன ஓடுமோ அதெல்லாத்தையும் இங்கயே ஓடவிட்டுப் பாப்போம்."

ஹெட்லைட்டைப் போட்டாள். வைப்பரைப் போட்டாள், காய்ந்த கண்ணாடியில் கரகரவென்று தேய்த்தது. டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் என்று ஒரு வட்டம் உண்டு. பேட்டரியில் கரண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதன் முள் காட்டும். முள் இறங்கும் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. விளக்கு அணையவில்லை.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

"ஹார்ட்டெல்லாம் வீக்காக இருக்கிறவர்கள் தெருவில் இருக்கிறார்கள்" என்றேன். "எதிர் வீட்டில் கைக்குழந்தை. இந்த நேரத்தில் அதை அடிப்பது மனிதாபிமானம் இல்லை. அதோடு ஒரு ஹாரனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? விஞ்ஞான ரீதியாகப் பார்த்தால்..."

"மாமா" என்றாள், ரொம்ப மெதுவாக. "உள்ள போயி அம்மா காப்பி போட்டிருச்சான்னு பாத்துட்டு வாங்களேன்."

போனேன். அக்கா அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்குகிறதா என்று மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்குவதில் எவ்வளவோ இருக்கிறது, சாதாரண ஆட்களுக்குத் தெரியாது.

வாசலில் ஹாரன் முழங்கியது. தெருநாய்கள் மொத்தமும் எழுந்தன. முழக்கம் ஏறி, ஏறி, உச்சத்தில் அப்படியே நெரிபட்டு நின்றது. குழந்தை அழ ஆரம்பித்தது.

காப்பியை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்தேன். வாசல் இருட்டாக இருந்தது.

"கருப்பன் இவ்வளவு தூரம் எறங்கி வந்திருப்பாரா மாமா?" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. அவள் குரலில் ஒரு துள்ளல். "முள்ளப் பாத்தீங்களா? நீங்க இல்லையே. ஹாரன் அடிச்சதும் கடைசிக்குப் போச்சு, அப்புறம் பொத்துனு நடுவுல விழுந்துருச்சு. பேட்டரியில கரண்டு இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைஞ்சு போகுது."

வழி எங்கே அடைகிறது? ஒரு பல்பும் இரண்டு வயரும் வைத்து, டேஷ்போர்டைத் தட்டாமல், ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பேட்டரியில் பல்பு எரிந்தது. வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரில் எரிந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஆம்பியர் மீட்டரின் முதுகைத் தொட்டாள். அங்கே இரண்டு திருகாணி. ஒன்றில் எரிந்தது. இன்னொன்றிலும் எரிந்தது. அந்த இரண்டாவது திருகாணியிலிருந்து சாவிக்கும் லைட்டுக்கும் போகிற வயரின் முனையில் எரியவில்லை.

விரலை வைத்து நட்டைத் திருகினாள். சுற்றியது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கே சுற்றியது.

நான் டார்ச் அடித்தேன். வயர் முனை கருகி, அதைச் சுற்றியிருந்த உறை உருகி வழிந்திருந்தது. ஹெட்லைட்டும் வைப்பரும் ஹாரனும் மீட்டர் விளக்கும் எல்லாம் அந்த ஒரு நட்டு வழியாகத்தான் கரண்டு வாங்குகின்றன. லேசாக இழுத்தால் தாங்கும். மொத்தமாக இழுத்தால் சூடேறிக் கையை விட்டுவிடும். தட்டினால் அதிர்ந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"எத்தன நாளா லூஸா இருந்துச்சோ" என்றாள். "அப்பாவோட பழைய ஹாரன் கொஞ்சமா இழுத்துச்சு. அதனால தெரியல."

நான் காப்பியைக் குடித்தேன். இனிப்பு குறைவாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்பேனரை நீட்டினேன். "இறுக்கிடு தாயி."

"வேணாம் மாமா." யோசித்துக்கொண்டே இருந்தாள். "இறுக்கிட்டு இனிமே அணையாதுன்னு சொன்னா யாரு நம்புவா? அப்பா என்னைய ஓட்ட விடாம, இறுக்குன வண்டியக் குபேந்திரன் ஓட்டி அணையலன்னா, சாமிதான்னு ஆயிரும். அவுங்க கண்ணால பாக்கணும்."

அப்போது என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அதற்கு எந்த நட்டும் தடை சொல்ல முடியாது.

ஐப்பசி 15, வெள்ளி

டீக்கடை. ஆட்கள் நிறைய இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன்.

"குபேந்திரா, நீ சொன்னது வாஸ்தவம்தான்பா" என்றேன் உரக்க. "கருப்பனுக்கு ஆம்பள ஓட்டினால்தான் திருப்தி. ஆனா உன் வண்டியில போனா அது உன் வண்டியோட ராசின்னும் சொல்லலாம். எங்க வண்டிய நீ ஓட்டிப் போயி, ஆனைப்பாறையில நல்லா நீட்டி ஒரு ஹாரன் கொடுத்துக் காட்டினா, எங்க அத்தானே சாவிய உன் கையில குடுத்துருவாரு. உன்னால முடியும்னா சொல்லு. பயமா இருந்தா வேணாம்."

"எனக்கென்னண்ணே பயம்?"

"அதானே. உனக்கென்ன பயம்."

பஜ்ஜிக்கு நான் காசு கொடுத்தேன். எல்லாருக்கும்.

பவளம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வளைவுக்கு முன்னாலேயே ஜீப் நிற்க வேண்டும். எல்லாரும் இறங்கிவிட வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஹாரன். "எனக்கு அவுங்க உசுரு முக்கியம் மாமா. நிரூபிக்கிறதெல்லாம் அப்புறம்." அங்கம்மாவிடமும் அவளே போய்ச் சொன்னாள். அங்கம்மா அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, சரி என்றாளாம்.

ஐப்பசி 16, சனி

இன்றைய தினத்தைச் சரித்திரப் புத்தகங்களில் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் நானே சேர்த்துவிடுகிறேன்.

இருட்டு. பனி. ஆனைப்பாறைக்குச் சற்று முன்னால் ஜீப் நின்றது. ஸ்டியரிங்கில் குபேந்திரன், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பெண்கள் எல்லாரும் இறங்கிக் கருப்பசாமி பக்கம் ஒதுங்கி நின்றார்கள். பவளம் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள்.

"லைட்டப் போடுங்கண்ணே. வைப்பரையும் போடுங்க. மழ வர்ற மாதிரி நெனச்சுக்கோங்க."

போட்டான்.

"இப்ப சாமிக்குச் சொல்லுங்க."

குபேந்திரன் கையை வைத்தான். என் ஹாரன் முழங்கியது. மலை எழுந்து உட்கார்ந்தது. கேரள எல்லையில் செக்போஸ்ட் காவலர் கம்பத்தைத் தூக்கியிருப்பார்.

அணைந்தது.

இருட்டில் எஞ்சின் மட்டும் தடதடத்தது. குபேந்திரன் ஹாரனை மறுபடி மறுபடி குத்துகிற சத்தம் கேட்டது. டொக், டொக். வேறொன்றும் வரவில்லை.

பெண்கள் கூட்டத்திலிருந்து: "ஏ குபேந்திரா, ஒனக்கும் சாமி கண்ண மூடிருச்சேப்பா!"

"நீ உள்ளுக்குள்ள பொம்பளயோ?"

"வேட்டி கட்டிட்டு வந்தா சாமிக்குத் தெரியாதாக்கும்!"

சிரிப்பு ஆனைப்பாறையில் மோதித் திரும்பி வந்து மறுபடி சிரித்தது. குபேந்திரன் ஏதோ சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை.

பவளம் வந்து டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டாள். "சின்னம்மா, டார்ச்சப் பிடிங்க. இங்க கைய விடுங்க. இந்த நட்டத் திருகிப் பாருங்க."

அங்கம்மா கையை விட்டாள். ஏலக்காய் எடுத்து எடுத்துத் தேய்ந்த விரல் நுனிகள். நட்டு சுற்றியது.

"ஆத்தாடி. இதா?"

"இதுதான்."

பவளம் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கருகிய முனையை வெட்டி, புது முனை மாட்டி, உப்புத்தாளால் தேய்த்து ஸ்பேனரால் இறுக்கினாள். மறுபடி பேட்டரியை இணைத்தாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். லைட். வைப்பர். ஹாரன். அவள் கையை எடுக்கவேயில்லை. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், நான் மட்டும் பெருமையில் பொத்திக்கொள்ளவில்லை. வெளிச்சம் அணையாமல் நின்றது. பனிக்குள் இரண்டு நீளத் தூண்கள் மாதிரி, அசையாமல்.

கையை எடுத்தாள். மலை மறுபடி படுத்துக்கொண்டது.

"இறுக்கியாச்சு. ஆனாலும் இந்த ஹாரன் இழுக்கிற இழுவைக்கு மறுபடி சூடாகும்" என்றாள் பவளம்.

"எந்த ஹாரன்?" என்றாள் அங்கம்மா. "ஆயுத பூஜைக்கு வச்சதா? யாரு வச்சது?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டத்தில் ஒரு அபூர்வமான அசைவு தெரிந்தது. அது கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறதா, மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறதா என்று நான் உற்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். வேறு பேச்சு என் காதில் விழவில்லை.

அங்கம்மா கருப்பசாமி முன்னால் போய் நின்றாள். "சாமி, ஒம்மேல பழியப் போட்டுட்டோம். பொறுத்துக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வந்து கதவோரத்து இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏ பவளம், எடுடி வண்டிய. கா எடுக்க நேரமாச்சு."

குபேந்திரனின் ஜீப் கீழே ஊரில் நிற்கிறது. அவனும் வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினான். அவன் மடியில் மூன்று தூக்குச்சட்டிகள் ஏறின.

ஐப்பசி 17, ஞாயிறு

அந்த ஹாரனைக் கழற்றினேன். ஒரு கோயில் திருவிழாவுக்கு அதை என் ரேடியோ செட்டோடு சேர்த்துக் கட்டினால் பிரமாதமாக இருக்கும் என்று நீண்ட நாளாகவே எனக்கு ஒரு யோசனை இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. பழைய ஹாரனையே மாட்டிவிட்டேன். பவளம் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மட்டும், "நல்ல ஹாரன் மாமா" என்றாள்.

"ராஜகுதிரை" என்றேன்.

ஐப்பசி 18, திங்கள்

இன்று நான் ஜீப்பில் போகவில்லை. முன்னால் எனக்கிருந்த இடத்தில் இன்னொரு பெண்ணுக்கு இடம் வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவள். அங்கம்மா ஏற்பாடு.

விடியுமுன் மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் மலைச்சாலை முழுவதும் தெரியும், இருட்டில் சாலை தெரியாது, ஏறுகிற வண்டிகளின் வெளிச்சம் மட்டும் வளைந்து வளைந்து போவது தெரியும். எது எங்கள் ஜீப் என்று எனக்குத் தெரியும்.

கீழே கட்டிலிலிருந்து அத்தான் கத்தினார்: "மாப்ள, ஆனைப்பாறைக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

வெளிச்சம் பாறைப் பக்கம் திரும்பியது. நின்றது போலத் தெரிந்தது. அந்த இடத்தில்தான் அவள் சாமிக்குச் சொல்லிக்கொள்வாள்.

"எரியுதா?"

"எரியுது அத்தான்."

வெளிச்சம் நகர்ந்தது. பாறைக்குப் பின்னால் போனது. அந்தப்பக்கம் மேலே ஏறி மறுபடி வந்தது.

"இப்ப?"

"எரியுது."

"நெசமாத்தான?"

"நெசமாத்தான் அத்தான்."